தேத்தண்ணீரும் முத்துத் தேநீரும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் அமர்விடங்கள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழரின் வரலாறு இதுகாறும் பெரும்பாலும் உழைப்பின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கங்காணி முறை, இரப்பர்த் தோட்டம், இருப்புப்பாதை, தொழிற்சங்கம், தோட்டத் துண்டாடல், புறநகர்க் குடியேற்றம் ஆகியவற்றைப் பற்றி நம்மிடம் நல்ல நூல்கள் உள்ளன. ஆனால், உழைத்து ஓய்ந்த அம்மக்கள் மாலையில் எங்கு அமர்ந்தனர், எதைக் குடித்தனர், யாருடன் பேசினர் என்பன போன்ற வினாக்கள் வரலாற்றாசிரியரின் கவனத்தை அவ்வளவாகப் பெறவில்லை. அவை சிறிய வினாக்களாகத் தோன்றுவதே அதற்குக் காரணம் எனலாம். தமிழகத்தைப் பொறுத்தவரை ஆ. இரா. வேங்கடாசலபதி தம் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் ஒரு பானத்தின் வழியே ஒரு சமூகத்தின் தன்மதிப்பையும் சாதியுணர்வையும் படித்துக் காட்டியுள்ளார். அத்தகைய பார்வை நம் நாட்டுத் தமிழருக்கும் தேவைப்படுகிறது.

இக்கட்டுரை அத்திசையில் ஒரு சிறு முயற்சியாகும். இதற்குத் தூண்டுதலாய் அமைந்தது தைவானியத் தேநீரகம். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இன்று பேரங்காடிகளிலும் கடைத்தெருக்களிலும் ‘பபுள் டீ’ விற்கும் கடைகள் நிறைந்துள்ளன. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் மல்லிகைப்பூச் சரமும் வாழையிலைச் சாப்பாடும் விற்கும் கடைகளுக்குக் கூப்பிடு தொலைவில், தமிழ் இளைஞர்கள் பருத்த உறிஞ்சுகுழலால் கரிய முத்துகளை உறிஞ்சிக்கொண்டிருப்பதை எந்நாளும் காணலாம். இது அயலிலிருந்து வந்த புதுமோகம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அதனை ஆராய்ந்து பார்க்கும்போது, அக்குவளையினுள் இருக்கும் சொல்லும் இலையும் முத்தும் தமிழர் வரலாற்றோடு நெடுங்காலமாகப் பிணைந்திருப்பதை உணர்கிறோம். அப்பிணைப்பையே ஈண்டு எடுத்துரைக்க முற்படுகிறோம்.

‘தே’ என்னும் சொல்

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். உலக மொழிகளில் தேநீரைக் குறிக்கும் பெயர்கள் பெரும்பாலும் இரு வேர்களிலிருந்து கிளைத்தவை. தரைவழி வணிகத்தால் பரவிய இடங்களில் ‘சா’, ‘சாய்’ முதலிய வடிவங்களும், தென்சீனத்தின் பூக்கியன் கடற்கரையிலிருந்து கப்பல்வழி பரவிய இடங்களில் ‘தே’ என்னும் வடிவமும் வழங்குகின்றன. பின்னது ஹொக்கியன் மொழிச் சொல்லாகும். மலாய் மொழியின் ‘தே’, ஒல்லாந்தரின் ‘தே’, ஆங்கிலத்தின் ‘டீ’ ஆகிய அனைத்திற்கும் அதுவே மூலம். தமிழில் நாம் வழங்கும் தேயிலை, தேநீர், தேத்தண்ணீர் ஆகியவற்றின் முதற்கூறும் அதுவே. வடஇந்திய மொழிகள் ‘சாய்’ என்று வழங்க, தமிழ் ‘தே’ என்று வழங்குவது, இச்சொல் நமக்குக் கடல்வழி வந்தது என்பதைக் காட்டும் சான்றாகும்.

இங்கு இன்னொன்றையும் நோக்குதல் வேண்டும். தைவான் தீவின் பெரும்பான்மை மக்கள் பேசுவதும் ஹொக்கியன் கிளைமொழியே. கிள்ளான் நகரத்துச் சீனருள் பெரும்பாலோர் பேசுவதும் அதுவே. எனவே, கிள்ளானில் ஒரு தமிழ் மூதாட்டி ‘தேத்தண்ணி’ என்று கூறும்போதும், அடுத்த கடையில் ஒரு சீனர் ‘தே’ என்று கேட்கும்போதும், தைவானின் தைனான் நகரில் ஒருவர் அதே பானத்தைப் பெயரிட்டு அழைக்கும்போதும் ஒரே அசைதான் ஒலிக்கிறது.

இவ்வொற்றுமைக்குப் பின்னால் ஒரு வணிகப் பேரரசின் நிழலும் உண்டு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினி 1624 முதல் 1662 வரை தைவானின் தென்பகுதியைத் தன் ஆட்சியில் வைத்திருந்தது. இன்றைய தைனானே அதன் தலைமையிடம். அக்கும்பினி 1641இல் மலாக்காவையும், 1658இல் நாகப்பட்டினத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றியது. அதாவது, 1658க்கும் 1662க்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளில் தைனான், மலாக்கா, நாகப்பட்டினம் ஆகிய மூன்று துறைமுகங்களும் ஒரே கொடியின்கீழ் இருந்தன. இதனைக் கொண்டு சொல் எவ்வழி வந்தது என்று அறுதியிட்டுரைப்பது பொருந்தாது. ஆயினும், தைவானும் தமிழகமும் ஒன்றையொன்று அறியாத நிலங்கள் என்னும் எண்ணத்தை இச்செய்தி தளர்த்துகிறது.

தோட்டமும் தேத்தண்ணீரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளருள் பெரும்பாலோர் ஊரில் தேநீர் அருந்திப் பழகியவர் அல்லர். கஞ்சியும் நீராகாரமுமே அவர்தம் காலையுணவு. இந்தியாவில் விளைந்த தேயிலை பெரும்பாலும் ஏற்றுமதிக்கே சென்றது. 1903ஆம் ஆண்டுத் தேயிலைத் தீர்வைச் சட்டத்தின்வழித் திரட்டப்பட்ட நிதியே பின்னர் இந்தியருக்குத் தேநீரைப் பழக்கும் விளம்பரங்களுக்குப் பயன்பட்டது. 1930களில் உலகச் சந்தையில் விலை வீழ்ந்து, 1933இல் பன்னாட்டுத் தேயிலை உடன்படிக்கை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, உள்நாட்டு மக்களைக் குடிக்கச் செய்யும் முயற்சி மேலும் முனைப்புற்றது. ஆகவே, நம் முன்னோர் பலர் தேநீரைத் தாயகத்திலிருந்து கொண்டுவரவில்லை. இந்நாட்டிலேயே அதனைக் கற்றுக்கொண்டனர் என்று கொள்வதே பொருந்தும்.

மலாயாவில் தேயிலைப் பயிர் 1929இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தோட்டத்தால் கேமரன் மலையில் நிலைபெற்றது. 1933இல் இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பத்தார் தொடங்கிய பாரத் தோட்டமும் அங்கு எழுந்தது. கொழுந்து பறித்தவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். தேயிலை மலைப்பயிர் மட்டுமன்று. போ நிறுவனத்தின் தோட்டங்களுள் ஒன்றான புக்கிட் சீடிங் சிலாங்கூரின் தாழ்நிலத்திலேயே அமைந்திருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்குக்குத் தேயிலை அயற்பொருளன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பாலைப் பொறுத்தவரை, வெப்பநாட்டில் பசும்பால் நெடுநேரம் தாங்காது. அக்குறையை நிறைவுசெய்தது தகரக் குவளையில் அடைத்த கெட்டிப்பால். பின்னாளில் நெஸ்லே என்னும் பெயரில் அறியப்பட்ட நிறுவனம் 1912இல் பினாங்கில் தொடங்கியபோது, அதன் பெயரே ஆங்கிலோ சுவிஸ் கெட்டிப்பால் கும்பினி என்பதாகும். 1939இல் அது கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது; 1962இல் பெட்டாலிங் ஜெயாவில் தன் முதல் தொழிற்சாலையை நிறுவியது. நம் மக்கள் குடித்த தேத்தண்ணீரின் சுவையை முடிவு செய்ததில் இப்பால் தகரத்திற்குப் பெரும்பங்கு உண்டு. பால் தீர்ந்த பின்பும் அது வீணாகவில்லை. மூடியைத் துளைத்துக் கயிறு கோத்து, தேநீரை ஊற்றி வீட்டிற்குக் கொண்டுசெல்லும் பாத்திரமாயிற்று. இன்று நெகிழித்தாளால் வாய் மூடப்பட்ட குவளையை ஏந்திச் செல்லும் இளைஞரைக் காணும் மூத்தோர் பலருக்கு அந்தப் ‘பால் டின்’ நினைவுக்கு வரக்கூடும்.

இப்பின்னணியில் தோன்றியதே ‘தே தாரிக்’. தமிழகத்திலிருந்து, குறிப்பாகக் கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் இக்கலையை வளர்த்தெடுத்தனர். இரு குவளைகளுக்கிடையே தேநீரை உயர இழுத்து ஆற்றுவதால் சூடு தணிகிறது. பாலும் தேயிலைச் சாறும் நன்கு கலக்கின்றன. காற்றுப் புகுந்து நுரை எழும்புகிறது. இந்நுரையைப் பின்னர் மீண்டும் நினைவுகூர்வோம். 2024 திசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவற்றை உள்ளடக்கிய மலேசியக் காலையுணவுப் பண்பாட்டை மானுடத்தின் தொட்டுணர முடியாத மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. தோட்டத் தொழிலாளியின் தேத்தண்ணீர் உலகின் மரபுரிமையாகியுள்ளமை குறிப்பிடத்தக்கது.

கள்ளுக்கடையும் தேநீர்க்கடையும்

இங்கிலாந்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த நாள்களில் மலாயாத் தோட்டங்கள் குறித்த காலனித்துவக் கோப்புகளைப் பார்வையிடும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அவற்றில் கள் குறித்த தாள்கள் மிகுதி. தேநீர் குறித்த செய்திகளோ ஆங்காங்கே ஓரிரு வரிகள் மட்டுமே. இதற்கான காரணம் தெளிவானது. கள் வருவாய் தந்தது. தொழிலாளியைத் தோட்டத்திற்குள்ளேயே நிறுத்தி வைக்கவும் உதவியது. ஆகவே, அரசும் நிருவாகமும் அதனைக் கணக்கிட்டன. வருவாய் தராத தேநீர் கணக்கில் வரவில்லை; கணக்கில் வராதது ஆவணத்திலும் வரவில்லை. நம் சமுதாயம் குடித்துக் கெட்ட வரலாறு எழுத்தில் விரிவாகவும், அமர்ந்து பேசிய வரலாறு சுருக்கமாகவும் கிடைப்பதற்கு இதுவே அடிப்படை.

1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தை இந்நோக்கில் மீண்டும் படித்தல் பயனுடைத்து. தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முதலியோர் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின்வழித் தோட்டத் தொழிலாளரை ஒருங்கிணைத்தனர். அவ்வாண்டு மார்ச்சு முதல் மே வரை நிகழ்ந்த அப்போராட்டத்தில், சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பெண்களிடம் முறைகேடாக நடப்பதைத் தடுத்தல், பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி ஆகியவற்றோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக முன்வைக்கப்பட்டது. துரைமாரையும் கிராணிமாரையும் எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையும் வேண்டப்பட்டது. நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வரவழைக்கப்பட்டது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

மிதிவண்டியும் கள்ளும் கூலிக்கு இணையாக ஏன் வைக்கப்பட்டன? வயிற்றுக்கு வேண்டியவை கூலியும் மருத்துவமும்; மானத்திற்கு வேண்டியவை ஏனையவை. எங்குச் செல்லலாம், எங்கு அமரலாம், எதைக் குடிக்கலாம் என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமையையே அத்தொழிலாளர் கேட்டனர். தமிழகத்துச் சிற்றூர்த் தேநீர்க்கடைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிக்குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை அண்மைக் காலம் வரை பதிவாகியுள்ளதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். காசு கொடுத்தவர் எவராயினும் ஒரே மேசையில் ஒரே குவளையில் குடிக்கும் கடை, நகரத்திற்கு வந்த தோட்டத் தமிழருக்கு வெறும் கடையன்று. அஃது ஒரு விடுதலை. பிரிக்பீல்ட்ஸ் இருப்புப்பாதைக் குடியிருப்புகளிலும் கிள்ளான் கடைத்தெருவிலும் தேநீர்க்கடை வகித்த இடத்தை இவ்வாறே மதிப்பிட வேண்டும்.

தைவானின் நுரைத் தேநீர்

இனித் தைவானுக்குச் செல்வோம். அத்தீவின் தேயிலை உலகச் சந்தைக்கு வந்தது ஜான் டோட் என்னும் ஸ்காட்லாந்து வணிகரின் முயற்சியால். 1869இல் அவர் ஊலோங் தேயிலையை நேரே நியூயார்க்கிற்கு அனுப்பினார். 1895இல் தைவான் ஜப்பானின் குடியேற்ற நாடாயிற்று. ஜப்பானியர் ஊலோங்கோடு நில்லாது, கருந்தேயிலையையும் பயிரிட விரும்பினர். அதன் பொருட்டு 1920களின் நடுப்பகுதியில் இந்தியாவின் அசாம் வகைத் தேயிலையைக் கொணர்ந்து, சூரிய சந்திர ஏரிப் பகுதியில் நட்டனர். தைவானியக் கருந்தேயிலையின் குடிவழி இவ்வாறு இந்திய மண்ணைத் தொடுகிறது.

1980களில் தைவானில் பொருளாதார வளர்ச்சியோடு புதிய வகைத் தேநீரகங்கள் தோன்றின. தைச்சுங் நகரில் லியூ ஹான்-ஜியே என்பவர் 1983இல் தொடங்கிய தேநீரகமே பின்னர் சுன் ஷுவெய் தாங் என்று புகழ்பெற்றது. சூடாகவே அருந்தப்பட்டு வந்த தேநீரை அவர் பனிக்கட்டியுடன் குலுக்கிக் குளிர்பானமாக்கினார். குலுக்குவதால் மேலே நுரை திரண்டது. அதனால் அது ‘நுரைத் தேநீர்’ எனப்பட்டது. ‘பபுள்’ என்னும் சொல் தொடக்கத்தில் இந்நுரையையே குறித்தது; முத்துகளைக் குறிப்பதாகப் பலரும் கருதுவது பிற்காலப் பொருளாகும். அக்கடையைச் சேர்ந்த லின் ஷியூ-ஹுவெய் 1980களின் பிற்பகுதியில் தாம் விரும்பி உண்ணும் மாவுருண்டைகளைத் தேநீரில் இட்டுப் பார்த்ததே முத்துத் தேநீரின் தொடக்கம் என்பது அக்கடையின் கூற்று. தைனான் நகரின் ஹான்லின் தேநீரகத்து டூ சோங்-ஹோ, 1986இல் சந்தையில் கண்ட வெள்ளை மாவுருண்டைகளைக் கொண்டு தாமே முதலில் உருவாக்கியதாகக் கூறினார். இரு தரப்பும் வழக்காடின. பத்தாண்டுகள் நீடித்த அவ்வழக்கு 2019இல் முடிவுற்றது. இப்பானம் காப்புரிமை பெற்ற பொருளன்று, எவரும் தயாரிக்கலாம், ஆதலின் முதலில் செய்தவர் யார் என்று தீர்மானிக்கத் தேவையில்லை என்றது நீதிமன்றம்.

இத்தீர்ப்பு வரலாற்று மாணவருக்கும் பாடமாகும். மக்களின் உணவுக்குத் தனியொரு தந்தையைத் தேடுதல் பெரும்பாலும் பயனற்றது. தே தாரிக்கை முதலில் இழுத்த கை எது என்பதும் அத்தகைய வினாவே. இங்கு நாம் கருதத்தக்கது வேறொன்று. மலாயாவில் தமிழர் இழுத்து நுரையெழுப்பினர். தைவானில் சீனர் குலுக்கி நுரையெழுப்பினர். ஒன்று சூடு தணிக்கும் தேவையிலிருந்தும், மற்றொன்று குளிரூட்டும் விருப்பத்திலிருந்தும் பிறந்தது. இரு முறைகளும் கூலிமக்களும் நகரமக்களும் குறைந்த செலவில் இன்புறக் கண்ட வழிகளாம்.

மலேசியாவுக்கு இப்பானம் பரவலாக வந்தது 2010க்குப் பின்னரேயாகும். அவ்வாண்டில் தைவானின் சாடைம் நிறுவனம் இங்குக் கடை திறந்தது. 2017இல் உரிம ஒப்பந்தம் முறிந்தபோது, உள்ளூர் உரிமையாளர் தம் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கடைகளை ‘டீலைவ்’ என்னும் புதிய பெயருக்கு மாற்றினார். 2019இல் சுபாங் ஜெயாவின் எஸ்.எஸ். 15 பகுதியில் ஒரே தெருவில் அடுத்தடுத்துப் பல கடைகள் எழுந்து, அத்தெருவே முத்துத் தேநீர்த் தெரு என்று அழைக்கப்படலாயிற்று.

மரவள்ளி முத்து

குவளையின் அடியில் கிடக்கும் முத்துக்கு இப்போது வருவோம். அது மரவள்ளிக் கிழங்கின் மாவு. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இக்கிழங்கு போர்த்துகீசியர் வழியே ஆசியாவுக்கு வந்தது. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் இராமவர்மா அதனை ஏழை மக்களின் உணவாகப் பரப்பினார். மலாயாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாக்காவிலும் நெகிரி செம்பிலானிலும் சீனர் அதனைப் பெருந்தோட்டப் பயிராக்கினர். இரப்பருக்கு முன் இந்நாட்டுக் காடுகளை அழித்த பயிர்களுள் மரவள்ளியும் ஒன்று என்பதை ஜே. சி. ஜாக்சன் 1968இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார்.

மாவை முத்தாக உருட்டும் கலைக்கும் இவ்வட்டாரமே முன்னோடி. மலாக்கா, சிங்கப்பூர்ச் சீனர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சாகுப் பனையின் மாவைச் சுத்தம் செய்து முத்துகளாக்கி ஏற்றுமதி செய்தனர். தமிழில் சவ்வரிசி அல்லது ஜவ்வரிசி என்னும் பெயருக்கு, மலாய்ச் சொல்லாகிய ‘சாகு’ என்பதிலிருந்து வந்தது என்றும், ‘ஜாவா அரிசி’ என்பதன் திரிபு என்றும் இருவகை விளக்கங்கள் உண்டு. எதனை ஏற்பினும் அச்சொல் மலாய்த் தீவுகளையே சுட்டி நிற்கிறது. நாம் பாயசத்தில் இடும் பண்டம் தன் பெயரிலேயே இம்மண்ணைச் சுமந்துள்ளது.

போர்க்காலத்தில் இத்தொடர்பு வேறொரு வடிவம் கொண்டது. ஜப்பானியப் படையெடுப்பால் இத்தீவுகளிலிருந்து இந்தியாவுக்குச் சென்ற சவ்வரிசி நின்றது. அத்தட்டுப்பாட்டில், 1943இல் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவிலிருந்து சவ்வரிசி செய்ய முற்பட்டார். அதற்கு நுட்பம் தந்தவர் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா ஆவார். மாவைத் துணித்தூளியில் இட்டு ஆட்டி உருண்டையாக்கி, சட்டியில் வறுத்தெடுக்கும் அச்சிறுதொழில் வளர்ந்து, 1981இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கமாக அமைந்தது. 2023இல் சேலம் சவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது.

தமிழகத்தில் ஒரு தொழில் பிறந்த அதே ஆண்டுகளில், மலாயாத் தமிழர் அதே கிழங்கை உண்டு உயிர் பிழைத்தனர். தேவையான அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வரவழைத்த நாடு மலாயா. 1942க்குப் பின் அவ்வரவு குன்றியது. தோட்டங்களில் இரப்பர் வாங்குவாரில்லை; கூலியில்லை; பங்கீட்டரிசி நாளுக்கு நாள் குறைந்தது. லயத்தின் பின்புறமெல்லாம் மரவள்ளி நடப்பட்டது. பல்லாயிரம் தமிழர் 415 கிலோமீட்டர் நீளச் சயாம்-பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவருட் பெருந்தொகையினர் திரும்பவில்லை.

தேநீரகத்தில் ஒரு மாலை

2012ஆம் ஆண்டு, எம் பாட்டியாரைக் கிள்ளானில் ஒரு தைவானியத் தேநீரகத்திற்கு அழைத்துச் சென்றோம். அவர் காப்பார் பகுதித் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். கடை குளிரூட்டப்பட்டது, மேசைதோறும் இளைஞர்கள். சர்க்கரை எத்தனை விழுக்காடு, பனிக்கட்டி எவ்வளவு என்று பணிப்பெண் கேட்டாள். பாட்டியார் மாமாக் கடையில் ‘தே ஓ கோசோங்’ என்று கேட்டுப் பழகியவர். சர்க்கரையற்றது வேண்டும் என்பதை அச்சொல்லாலேயே சொன்னார். பணிப்பெண்ணும் புரிந்துகொண்டு சுழியம் என்று குறித்துக்கொண்டாள். தடித்த ரொட்டித் துண்டும் பொரித்த கோழியும் வந்தன. மாட்டிறைச்சி கலந்தது எது என்று கேட்டறிந்து தவிர்த்துக்கொண்டோம். தைவானில் இத்தகைய கடைகளில் பன்றியிறைச்சியும் இடம்பெறும்; இங்கு அதற்கீடாகக் கோழி வழங்கப்பட்டது. பலவின மக்கள் ஒரு மேசையில் அமர வேண்டுமாயின் உணவுப் பட்டியல் இவ்வாறே வளைந்துகொடுக்க வேண்டும்.

பாட்டியார் முத்தொன்றை மென்று பார்த்து, இஃது என்ன என்று வினவினார். மரவள்ளி மாவு என்றோம். அவர் குவளையை மேசைமீது வைத்துவிட்டார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ஜப்பான்காரன் காலத்தில் காலையும் மாலையும் தாம் இதனையே தின்றதையும், சயாமுக்குப் போன தம் தமையனார் திரும்பாததையும், அவர் புறப்பட்ட காலையில் தாயார் அவித்துக் கட்டிக்கொடுத்ததும் மரவள்ளிதான் என்பதையும் கூறினார். அவருக்கு ஒரு தமையனார் இருந்தார் என்பதே அன்றுதான் எமக்குத் தெரியவந்தது. தோட்ட வரலாற்றை ஆய்வுப் பொருளாகக் கொண்டு பட்டம் பெற்றுத் திரும்பிய யாம், எம் வீட்டிலேயே ஒரு சான்று எழுபதாண்டுகளாகக் காத்திருந்ததை அறியாதிருந்தோம். முறைப்படி வினா நிரல் வகுத்து அவரிடம் முன்னர்க் கேட்டபோது வெளிவராத செய்தி, ஒரு முத்தின் சுவையால் வெளிவந்தது.

அவர் அந்த முத்துகளை அதன் பின் உண்ணவில்லை. ஆயினும் எம்மைக் கடிந்துகொள்ளவும் இல்லை. பிள்ளைகள் காசு கொடுத்து விருப்பத்தோடு வாங்கித் தின்னும் பண்டமாக அது மாறியிருப்பது நல்லதே என்றார். சில ஆண்டுகளில் அவரும் மறைந்தார்.

நன்மையும் தீமையும்

முத்துத் தேநீரைப் புகழ்வது மட்டும் எம் நோக்கமன்று. ஒரு குவளையின் விலையில் நான்கைந்து தே தாரிக் குடிக்கலாம். சர்க்கரையின் அளவும் கவலைக்குரியது. 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி, மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாக நோக்கின் இந்தியரே முதலிடத்தில் நின்றனர். அதே ஆண்டு சூலை முதல் நாள் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு தீர்வை விதிக்கப்பட்டது. ஆனால் அது தொழிற்சாலையில் அடைக்கப்பட்ட பானங்களுக்கே பொருந்தும். கடையில் அங்கேயே கலந்து தரும் முத்துத் தேநீரும் தே தாரிக்கும் அத்தீர்வைக்கு வெளியே உள்ளன. கெட்டிப்பாலின் இனிப்புக்கு மூன்று தலைமுறைகளாகப் பழகிய நாக்கு, பழுப்புச் சர்க்கரைப் பாகை எளிதில் ஏற்றுக்கொள்வதில் வியப்பில்லை. ஒரு காலத்தில் கள்ளுக்கு எதிராகத் தேநீர் நின்றது. இன்று தேநீரிலேயே கவனம் தேவைப்படுகிறது.

அமர்விடம் என்ற நோக்கிலும் மாற்றம் உண்டு. தேநீர்க்கடைப் பலகையில் நாளிதழ் உரக்க வாசிக்கப்பட்டது, சங்கம் பேசப்பட்டது, அரசியல் வாதிடப்பட்டது. புதிய தேநீரகத்தில் பெரும்பாலும் கைப்பேசிகளே பேசுகின்றன. எனினும், மாமாக் கடைகளில் முன்னர் அரிதாகவே தனித்து அமர்ந்த தமிழ்ப் பெண்கள், இங்குத் தோழியருடன் அச்சமின்றி அமர்ந்து படிக்கின்றனர் என்பதையும் கண்டோம். 1941இல் கேட்கப்பட்ட அமரும் உரிமை, அன்று பெண்களைப் பெரும்பாலும் கருதாமலே இருந்தது. அவ்வகையில் இஃது ஒரு நீட்சியே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில செய்திகள் புலனாகின்றன. முதலாவது, முத்துத் தேநீரின் சொல்லும் இலையும் முத்தும் தமிழருக்கு அயலானவை அல்ல. ஹொக்கியன் கடற்கரை, அசாம், மலாக்கா, பினாங்கு, சேலம் என்று பல நிலங்களின் வழி அவை நம்மோடு உறவுடையவை. இரண்டாவது, தேநீர்க்கடையின் வரலாறு மான உணர்வின் வரலாறுமாகும். மூன்றாவது, ஆவணங்கள் வருவாய் உள்ளவற்றையே பேசுகின்றன. ஏனையவற்றை மனிதரிடமே கேட்டறிய வேண்டும்.

இம்மூன்றாவது செய்தியே எம்மை மிகவும் வருத்துகிறது. ஜப்பானிய ஆட்சிக் காலத்தை நினைவில் கொண்ட தலைமுறையினர் இன்று தொண்ணூறு வயதைக் கடந்து விட்டனர். கிள்ளானிலும் காப்பாரிலும் பந்திங்கிலும் அத்தகையோர் இன்னும் சிலரே எஞ்சியுள்ளனர். நம் துறை மாணவர்கள் தம் வீட்டு முதியோரிடம் போரைப் பற்றி நேரே வினவுவதைவிட, அவர்கள் அன்று என்ன உண்டனர், எதைக் குடித்தனர், எங்கு அமர்ந்தனர் என்று வினவித் தொடங்குதல் நன்று. முடிந்தால், ஒரு குவளைத் தேத்தண்ணீரை முன்வைத்துக் கேட்கலாம். எம் பாட்டியாரின் தமையனார் பெயரை அன்றே குறித்துக்கொண்டோம். எந்தத் தோட்டப் பதிவேட்டிலும் அப்பெயரை இன்னும் காண இயலவில்லை. தேடல் தொடர்கிறது.